தங்கள் பொம்மையை நகர்த்துவது தொடர்பாக

அனுப்புநர்: தங்கள் அண்ணன்.
பெறுநர்: என் தம்பி.
பொருள்: எங்கள் குழு எடுத்துவரும் பொம்மைப் படத்தில் தங்கள் உருவத்தைப் பயன்படுத்தச் சம்மதம் கோருதல் – தொடர்பாக.
பார்வை: ஏதுமில்லை. ஒன்பது ஆண்டுகளாகக் கடிதப் போக்குவரத்து நடைபெறவில்லை.

ஐயா,

வணக்கம். இங்கு நானும் தங்கள் அண்ணியும் நலம். அங்குத் தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இடது முழங்கால் மட்டும் சரியில்லை, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்பதை வெளியிட இயலாது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்குத் தங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு போன் வருகிறது, உடனே தங்கள் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், அந்தக் கதவு சரியாக மூடாது என்பதை மட்டும் தங்கள் தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இது சமாதானக் கடிதம் அல்ல. அதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். ஒரு கோப்பை முடித்து வைப்பது வேறு, மூடி வைப்பது வேறு என்று எனக்குத் தெரியும். நம்முடைய விவகாரம் மூடிய கோப்பாகவே இருக்கட்டும். தெருவில் என்னைப் பார்த்ததும் தாங்கள் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவது வழக்கம், அதையும் தாங்கள் தொடரலாம். இப்போது எழுதுவது முழுக்க முழுக்க அலுவல் சம்பந்தப்பட்டது.

விவரம் பின்வருமாறு. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் ஆறு மாதம் வீட்டிலுள்ள டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். அடுத்த ஆறு மாதம், ஒட்டிய பெயர்ப்படிதான் அண்ணி சாமானைப் போட்டு வைக்கிறாளா என்று தினமும் சோதித்தேன். அதற்கடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்து, "நீங்க வாரத்துல ஒரு நாளாவது எங்கயாவது போயிட்டு வாங்க, இல்லன்னா நான் போயிடறேன், நான் போனா திரும்பி வர மாட்டேன்" என்றாள். நூலகத்து அறிவிப்புப் பலகையில், 'சேர்ந்து ஒரு படம் எடுப்போம், பத்துச் சனிக்கிழமை, எல்லா வயதினரும் வரலாம்' என்று போட்டிருந்தது. படம் எடுப்பதை யாராவது செய்வார்கள், நாம் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்லலாம் என்று நினைத்துத்தான் பெயர் கொடுத்தேன்.

போனால், நூலகத்து மாடியில் பழைய செய்தித்தாள் அடுக்கி வைக்கிற அறை. ஜன்னல் பூராவும் கறுப்புத் தாள் ஒட்டி, நடுவில் ஒரு மேஜை, மேஜைக்கு மேலே இரண்டு விளக்கு, எதிரே ஒரு கேமரா. மின்விசிறி ஸ்விட்ச் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி. வந்திருந்தது என்னோடு சேர்த்து நாலே பேர். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிற லாரி டிரைவர் ஒருத்தர், வாசலில் வந்து நின்றால் அறை இருட்டிவிடும். பல் டாக்டரம்மா ஒருத்தர், யார் வாயைத் திறந்தாலும் எட்டிப் பார்ப்பார். தையல்காரம்மா ஒருத்தர், பேசும்போது வாயில் குண்டூசி இருக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள் என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். அவளை நாங்கள் எல்லோரும் டீச்சர் என்கிறோம்.

படம் எடுக்கும் முறை இதுதான்: களிமண் பொம்மையை ஒரு நூல் அளவு நகர்த்த வேண்டும், கையை எடுக்க வேண்டும், ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மறுபடி ஒரு நூல், மறுபடி ஒரு போட்டோ. இப்படிப் பன்னிரண்டு போட்டோ எடுத்தால் படத்தில் ஒரு வினாடி ஓடும். "எங்க ஆபீஸ்கூட இவ்வளவு மெதுவா வேலை செஞ்சதில்லை" என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை, ஆளுக்கொரு நிஜச் சம்பவம் சொல்லுங்கள், பிடித்ததைப் படமாக்கலாம் என்றாள் டீச்சர். நான் பீரோ கதையைச் சொன்னேன். சிரிப்பாக இருக்கும் என்றுதான் சொன்னேன், வேறு நோக்கம் கிடையாது. நான் வீடு மாற்றியது, நானும் தாங்களும் இரண்டாம் மாடியிலிருந்து பீரோவை இறக்கியது, முதல் மாடித் திருப்பத்தில் தாங்கள் திடீரென்று கையை விட்டுச் சுவரோரம் ஒதுங்கியது, பீரோ தன்பாட்டுக்குப் பதினோரு படி சறுக்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது, உள்ளே முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த மனிதர் பீரோவைப் பார்த்து "யாரு வேணும்?" என்று கேட்டது, இவ்வளவும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கதைக்கே எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் தலையெழுத்து. பொம்மைகளைப் பல் டாக்டரம்மா பல் குடைகிற கருவியை வைத்தே செய்தார். என் பொம்மைக்கு மூக்கைப் பெரிதாக வைத்துவிட்டார், எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறேன். தங்கள் பொம்மைக்குத் தையல்காரம்மா கட்டம் போட்ட சட்டை தைத்தார், கறுப்பு நூலில் மீசை வைத்தார். மீசை இன்னும் இருக்கிறதா? வியாழக்கிழமைப் பேச்சில் மீசை அடிபடுவதில்லை. படிக்கட்டு அட்டையில், பீரோ ஒரு தகரப் பெட்டியில். நிஜப் பீரோ இன்னும் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது, ஒரு உதை கொடுத்தால்தான் கதவு திறக்கும். உதைக்கும்போதெல்லாம் அண்ணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உதைக்கிறாள்.

இரண்டாம் சனிக்கிழமை தையல்காரம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து மனசு கேட்காமல் பிளாஸ்திரியைப் பிரித்து மின்விசிறியைப் போட்டேன். முதல் மாடிச் சுவர், ஜன்னல், பஞ்சில் செய்த மேகம், கீழ்வீட்டுக்காரரின் சோப்பு நுரை எல்லாம் எழும்பி எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்தன. அறுபத்துநாலு போட்டோ வீண். மூன்றாம் சனிக்கிழமை எடுத்ததைப் போட்டுப் பார்த்தால், மாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து நிலா மாதிரி ஒன்று பளபளவென்று மெதுவாக எழும்பி மெதுவாக இறங்குகிறது. எட்டிப் பார்த்த என்னுடைய வழுக்கை. "இருக்கட்டும் சார், அழகாத்தான் இருக்கு" என்றார் டிரைவர். நான்காம் சனிக்கிழமை எல்லோரும் டீ குடிக்கக் கீழே போனார்கள். நான் மட்டும் மேலே இருந்தேன். மேஜையில் பொம்மைகள் தாறுமாறாகக் கோணிக்கொண்டு நின்றன, தகரப் பெட்டி சாய்ந்து கிடந்தது, எங்கே பார்த்தாலும் தூசி. நல்ல எண்ணத்தில், தூசியைத் துடைத்து, பெட்டியை நிமிர்த்தி, பொம்மைகளை உயர வரிசைப்படி நிற்க வைத்தேன். காலையிலிருந்து மூன்று மணி நேரமாக ஒவ்வொரு நூலாக நகர்த்திக் கொண்டுவந்த கோணல் அது என்று எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தார்களாம். டீச்சர் மேஜையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே மேஜையைச் சுற்றித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டிவிட்டார்கள், அனுமதி இல்லாமல் அதை நான் தாண்டக்கூடாது. நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தனுக்கு மட்டும் கோடு போடுவது எவ்வளவு அவமானம் என்று யோசித்துப் பார்.

பார் என்று எழுதிவிட்டேன். பாருங்கள் என்று திருத்திப் படிக்கவும்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன், ஐந்தாம் சனிக்கிழமை. அன்றைக்குத் திருப்பத்தில் பீரோ நிற்கிற காட்சி. டீச்சர் நோட்டை வைத்துக்கொண்டு, "சார், திருப்பத்துல ஏன் நின்னீங்க?" என்று கேட்டாள். முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து, குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றார், வேலை நிமித்தம் நின்று விசாரித்தேன் என்றேன். "எவ்வளவு நேரம்?" என்றாள். எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, எத்தனை குழாய், பக்கத்து வீட்டில் வருகிறதா என்றெல்லாம் கேட்டு, சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன், இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும் என்றேன். டீச்சர் கணக்குப் போட்டு, "ரெண்டு நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூத்தி நாப்பது போட்டோ சார். நம்ம படமே மூணு நிமிஷம்தான்" என்றாள். சரி, சுருக்கமாக வைத்துக்கொள் என்றேன்.

லாரி டிரைவர் சுவரில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்தார். "சார், குறிச்சுக்கிட்டேன்னு சொன்னீங்களே, எந்தக் கையால?"

"வலது கையாலதான். நான் எப்பவும் வலது கையாலதான் எழுதுவேன்."

"அப்போ பீரோவ?"

"இடது கையால சும்மா தாங்கலா பிடிச்சிருந்தேன்."

"நீங்க மேலயா, கீழயா?"

"மேல. அவன்தான் கீழ."

"அப்போ உங்க தம்பி அந்த ரெண்டு நிமிஷமும் என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா நின்னுட்டிருந்தான்" என்று சொன்னேன்.

தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். டிரைவர்தான் ரொம்ப நிதானமாகச் சொன்னார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. படியில பீரோ இறக்கும்போது மேல இருக்கறவன் வழிகாட்டிதான். எடை மொத்தமும் கீழ இருக்கறவன் நெஞ்சுலதான் இருக்கும். மேல இருக்கறவனும் ஒரு கையை எடுத்துட்டா கேக்கவே வேணாம். என் ஆளுங்க அரை நிமிஷம் நிப்பாங்க. ரெண்டு நிமிஷம் நின்னவன நான் பார்த்ததில்லை."

அந்தக் குழாய்ப் புகாரை மறுநாளே கவனித்துத் தண்ணீர் விட்டாயிற்று என்றேன். அதுதான் அப்போது வாயில் வந்தது.

இரண்டு நிமிஷத்தைப் பத்து வினாடியாகச் சுருக்கினார்கள். அதற்கே நூற்றிருபது போட்டோ வேண்டும். உன் பொம்மையை யார் நகர்த்துவது என்று வந்தபோது டீச்சர், "உங்க தம்பி எப்படி நிப்பாருன்னு உங்களுக்குத்தான் சார் தெரியும்" என்று என்னை மஞ்சள் நாடாவுக்கு உள்ளே கூப்பிட்டாள். ஐந்து வாரமாக எதையும் தொடாதே தொடாதே என்றவர்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: "கை முதல்ல விடாது சார். முழங்கால்தான் முதல்ல விடும். இடது முழங்கால ஒரு துளி மடக்குங்க. போதும். கையை எடுங்க."

மடக்கினேன், கையை எடுத்தேன், போட்டோ. மறுபடி ஒரு துளி. மறுபடி போட்டோ. காலை பத்தரைக்கு ஆரம்பித்தது. முதல் இருபது முப்பது போட்டோ வரைக்கும் நான் வேலையில்தான் கவனமாக இருந்தேன், மீசை நேராக இருக்கிறதா, சட்டை சுருங்குகிறதா என்று. நாற்பதுக்கு மேல் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு நான் உன்னைப் பார்க்கவே இல்லைடா. சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதல் மாடிக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகம் எப்படி இருந்தது என்று களிமண்ணில் செய்ய வேண்டியிருந்தபோதுதான், எனக்குத் தெரியாது என்பதே தெரிந்தது. எழுபதாவது போட்டோவிலோ எண்பதாவதிலோ, டீச்சர், "இப்போ வாயைத் திறக்கணுமா சார்? அவரு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷமாக எல்லோரிடமும் அப்படித்தானே சொல்லிவந்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் கையை விட்டுட்டான் என்று. அண்ணியிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் உன் பொம்மை அப்போது என் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. "கூப்பிட்டான்" என்றேன். "என்னன்னு?" என்றாள். "அண்ணேன்னு. மூணு தடவை." "நீங்க என்ன சொன்னீங்க?" "இருடா, பேசிட்டிருக்கேன்ல, அப்படின்னேன்."

மூன்று தடவை வாயைத் திறந்து மூடினேன். அதற்கே பதினெட்டுப் போட்டோ ஆனது. முடித்தபோது மணி இரண்டரை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது, நூற்றைம்பது வாட் விளக்கு, யாருக்கும் வரும். டாக்டரம்மா பல் துடைக்கிற பஞ்சில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தார்.

எட்டாம் சனிக்கிழமை குரல் பதிவு. என் பொம்மைக்கு நான்தான் பேச வேண்டும். பீரோ விழுந்ததும் படியில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் நான் உன்னைப் பார்த்துச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர் எனக்கு அதை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். 'ஒரு வேலைக்கும் லாயக்கில்லாதவன்டா நீ.' அன்றைக்கு ஒரே மூச்சில் வந்தது. இந்தத் தடவை மைக் முன்னால் தொண்டையைக் கனைக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், 'ஒரு வேலைக்கும்' வரை வருகிறது, அப்புறம் வரவில்லை. பதினேழு தடவை முயன்றோம். கடைசியில் டீச்சர் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டாள். ஆகவே படத்தில் என் பொம்மை வாயை ஆட்டும், சத்தம் வராது. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது சம்மத விஷயம். படத்தில் கடைசி இருபது வினாடி மட்டும் பாக்கி. உன் பொம்மை தெருவாசலில், படிக்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து என்ன ஆகிறது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. திரும்பி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தையல்காரம்மா ஒரே பிடியாக நிற்கிறார். உள்ளது உள்ளபடி போய்விட வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. டிரைவரைக் கேட்டால், "அவரு இடுப்பு வலியோட இருப்பாரு, முதல்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வையுங்க" என்கிறார். என்னைக் கேட்டார்கள். ஒன்பது வருஷம் முன்னால் நீ டீகூடக் குடிக்காமல் போனது மட்டும்தான் எனக்குத் தெரியும், அதற்குமேல் தெரியாது என்றேன். டீச்சர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வருகிற சனிக்கிழமைதான் பத்தாவது, கடைசி. அன்றைக்கும் எடுக்காவிட்டால் அறையை நூலகத்துக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள், படம் முதுகோடு நின்றுவிடும்.

ஆகவே தங்கள் உருவம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தாங்களே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. (அ) பொம்மை தெருவில் இறங்கிப் போகலாம், (ஆ) பொம்மை திரும்பலாம். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். நேரில் வர வேண்டிய அவசியமில்லை, படிக்கட்டு வேறு, முழங்காலுக்கு ஆகாது. தாங்கள் (அ) என்று குறித்தாலும் நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன். பொம்மைதானே.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன்னைவிட ஏழு வருஷம் முன்னால் பிறந்தவன் என்கிற ஒரே தகுதியில், முழங்கால் வலி தீர்ந்து நீ நடந்தும் ஓடியும் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள், அவள்தான் வாராவாரம் விசாரிக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அண்ணன்
(ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், புகார்ப் பிரிவு)

பி.கு.: இந்நேரம் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறியிருப்பாய். படிவத்தைத் தேடாதே. அப்படி ஒன்று கிடையாது. சம்மதம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, விதியும் கிடையாது, எல்லாம் நானே எழுதியது. போன சனிக்கிழமை டீச்சர், "உங்க தம்பி வந்து நகர்த்தினா நல்லாயிருக்கும்ல சார்" என்று மட்டும்தான் சொன்னாள். இது சமாதானக் கடிதம் இல்லைன்னு மேல எழுதியிருக்கேன் பாரு, அதை அடிச்சிடு. மன்னிப்பு இல்லைன்னு எழுதியிருக்கறதையும் அடிச்சிடு. சனிக்கிழமை காலையில பத்து மணி, நூலகம், மாடி. உன்னை நான் நூத்தியிருபது தடவை நகர்த்தியாச்சு, இனிமே தொட மாட்டேன். நீயே வந்து எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் நகர்த்திக்கோ. எத்தனை நேரம் ஆனாலும் நான் நிக்கறேன்.